ஊர் அடங்கியபின் கேட்கப் பழகுவது எப்படி?

வீட்டில் இருந்த பிள்ளைகள் படிக்க வெளியூர் போயிருப்பார்கள். அல்லது பெரிய சாலையை ஒட்டிய வீட்டைக் காலி செய்துவிட்டு உள்ளடங்கிய தெரு ஒன்றுக்குக் குடிவந்திருப்பீர்கள். அல்லது இரவு நேர வேலை கிடைத்து, எல்லோரும் தூங்குகிற பொழுதில் நீங்கள் மட்டும் விழித்துக்கொண்டிருப்பீர்கள். காரணம் எதுவானாலும் முதல் சில நாள் ஒரே மாதிரிதான் போகும்: காது எதையோ தேடும், வீடு வெறிச்சென்று இருப்பதாகத் தோன்றும், கை தன்னால் ரிமோட்டை எடுக்கும். அந்த ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு ஒரு பத்து நிமிடம் உட்காருங்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன். எனக்கு அந்தப் பத்து நிமிடம் நான்கு வருடப் பழக்கமாகிவிட்டது. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு எது கைகொடுக்கும், எது சலிப்பைத் தரும் என்று ஓரளவு சொல்ல முடியும்.

தொடங்கும் முன் ஒரு சின்ன விளக்கம்

பெரிய சத்தம் வந்தால் சின்னச் சத்தம் இல்லாமல் போய்விடுவதில்லை, மூடப்பட்டுவிடுகிறது. அதிலும் மோட்டார், வண்டி, ஏசி போன்றவற்றின் கனமான தாழ்ந்த இரைச்சல், தனக்கு மேலே இருக்கும் மெல்லிய கீச்சுக்குரல்களையும் சேர்த்து மூடக்கூடியது. அமைதியான படுக்கையறை இரவில் சுமார் 30 டெசிபல் இருக்கும், சாதாரணப் பேச்சு சுமார் 60. பத்து டெசிபல் ஏறினால் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தமாகப் படும் என்பதால், இந்த இரண்டுக்கும் நடுவில் காது உணர்கிற வித்தியாசம் எட்டு மடங்கு. அந்த இடைவெளிக்குள் எத்தனையோ ஒலிகள் குடியிருக்கின்றன. இத்தனை நாளும் அவை அங்கேதான் இருந்தன.

2020-இல் ஊரடங்கு வந்தபோது உலகம் முழுக்கப் பலர் ஒன்றைச் சொன்னார்கள், பறவைகள் இப்போது பலமாகக் கத்துகின்றன என்று. சான் ஃபிரான்சிஸ்கோவில் தலையில் வெள்ளைப் பட்டை கொண்ட ஒரு வகைச் சிட்டின் பாட்டை அந்தச் சமயத்தில் பதிவு செய்து பழைய பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வாளர்களுக்குக் கிடைத்ததோ நேர் எதிரான விடை. அந்தப் பறவைகள் முன்பைவிட மெதுவாகத்தான் பாடியிருந்தன. வண்டிச் சத்தத்தோடு போட்டி போட வேண்டியில்லை என்று ஆனதும் குரலைத் தாழ்த்திக்கொண்டு, கீழ்ச்சுருதி வரை இறங்கிப் பாடியிருக்கின்றன. அப்படியும் அந்தப் பாட்டு முன்பு போனதைப் போல இரண்டு மடங்கு தூரம் போய்ச் சேர்ந்திருக்கிறது. அதே மாதங்களில் நிலநடுக்கம் அளக்கும் கருவிகளில்கூட, மனித நடமாட்டத்தால் தரையில் உண்டாகும் அதிர்வு 50 சதவீதம் வரை குறைந்து பதிவானது.

நாமும் அந்தச் சிட்டைப் போலத்தான். சுற்றிலும் சத்தம் ஏறினால் நம்மை அறியாமலே குரலை உயர்த்துகிறோம் என்பதை 1911-இல் எத்தியேன் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் எழுதி வைத்தார். வீடு அமைதியாகி ஒரு வாரம் கழித்து உங்கள் சொந்தக் குரலைக் கவனித்துப் பாருங்கள், இறங்கியிருக்கும்.

முதல் படி: ஒரே இடம், ஒரே நேரம், பத்து நிமிடம்

வீட்டில் ஒரு இடத்தைத் தேர்ந்தெடுங்கள். ஜன்னல் அருகில் என்றால் நல்லது, ஆனால் கட்டாயமில்லை. தினமும் அதே இடம், முடிந்தவரை அதே நேரம். இடத்தை மாற்றிக்கொண்டே இருந்தால் எது புதிது, எது வழக்கம் என்று பிடிபடாது. ஹெட்ஃபோனில் சத்தமாகப் பாட்டு கேட்டுவிட்டு அல்லது நாள் முழுக்க இயந்திரங்களுக்கு நடுவே நின்றுவிட்டு உடனே உட்கார வேண்டாம். பலத்த சத்தத்துக்குப் பிறகு சில மணி நேரம் காது மந்தமாக இருக்கும், மெல்லிய ஒலிகள் எட்டாது.

கண்ணை மூடத் தேவையில்லை. மூடினால் தூக்கம் வருகிறவர்கள் திறந்தே வைத்திருங்கள், சுவரையோ தரையையோ பார்த்துக்கொண்டு. இது தியானம் இல்லை, மனதை வெறுமையாக்க வேண்டிய அவசியமும் இல்லை. யோசனை எங்காவது ஓடினால் ஓடட்டும். ஏதாவது ஒரு சத்தம் வந்து இழுத்துக்கொண்டு வந்துவிடும்.

முதல் இரண்டு மூன்று நிமிடம் 'ஒன்றுமே கேட்கவில்லையே' என்றுதான் இருக்கும். இந்த இடத்தில்தான் நிறையப் பேர் எழுந்துவிடுகிறார்கள். எழ வேண்டாம். நான்காவது நிமிடம் வாக்கில் ஒரு ஒலி முன்னால் வரும், அப்புறம் அதன் பின்னால் இன்னொன்று. ஃப்ரிட்ஜ் ஓடிக்கொண்டிருக்கும் வீடாக இருந்தால் உங்களுக்கு ஒரு நல்ல ஆசிரியர் கிடைத்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்ப்ரஸர் ஓடும்போது அதன் சத்தம் நமக்குத் தெரியவே தெரியாது, ஏனென்றால் மாறாமல் வந்துகொண்டே இருக்கும் ஒலியை மூளை ஒதுக்கி வைத்துவிடும். அது 'டொக்' என்று ஒரு குலுக்கலோடு நிற்கும்போது, அறையே ஒரு அங்குலம் விரிந்த மாதிரி இருக்கும். நின்ற பிறகுதான் அதுவரை அது ஓடிக்கொண்டிருந்தது தெரிகிறது. நின்ற அந்த நொடியிலிருந்து அடுத்த அரை நிமிடம் காதை நன்றாகத் தீட்டிக்கொள்ளுங்கள். சுவர்க்கடிகாரம், பக்கத்து வீட்டுக் குழாய், தூரத்து நாய் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும்.

இரண்டாம் படி: எழுதுங்கள், ஆனால் பொருளின் பெயரை அல்ல

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் எடுத்துக்கொள்வேன் என்றால் இந்தப் படியை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சின்ன நோட்டும் பென்சிலும் வைத்துக்கொள்ளச் சொன்னால் எல்லோரும் முதல் நாள் இப்படித்தான் எழுதுவார்கள்: ஃபேன், நாய், பைக், குழாய், கடிகாரம். பத்து நிமிடத்தில் பன்னிரண்டு பெயர். அடுத்த நாளும் அதே பன்னிரண்டு. மூன்றாம் நாள் அலுத்துவிடும். காரணம் எளிது. 'ஓ, ஃபேன்' என்று பெயர் சொன்ன மறு நொடியே காது வேலை முடிந்ததென்று திரும்பிக்கொள்கிறது. எது சத்தம் போட்டது என்று தெரிந்துகொண்டோமே தவிர, என்ன சத்தம் என்று கேட்கவில்லை.

அதனால் சத்தம் போட்ட பொருளை விட்டுவிட்டு, சத்தத்தையே எழுதுங்கள். இதற்குத் தமிழ் கொடுத்து வைத்திருக்கிற சொற்களைப் பார்த்தால் நம் ஆட்கள் எவ்வளவு கூர்மையாகக் கேட்டிருக்கிறார்கள் என்று தெரியும். பள்ளியில் இரட்டைக்கிளவி என்று மனப்பாடம் செய்துவிட்டு மறந்துபோன அதே சொற்கள்தான். சலசல என்பதும் சடசட என்பதும் ஒன்றில்லை. காய்ந்த இலை காற்றில் உரசினால் சலசல, கனத்த துளி இலைமேல் விழுந்தால் சடசட. துணி காற்றில் அடித்தால் படபட, இறுக்கம் விட்டுப்போன பொருள் ஆடினால் லொடலொட, கடினமான சக்கரம் கல்தரையில் உருண்டால் கடகட, மணல் காலடியில் நசுங்கினால் நறநற. இவை போதாவிட்டால் நீங்களே ஒன்றை உண்டாக்கிக்கொள்ளுங்கள், யாரும் திருத்தப்போவதில்லை. பழந்தமிழில் நடு இரவின் ஒலிக்கே 'நள்ளெனல்' என்று ஒரு சொல் உண்டு. ஒன்றுமே இல்லாததற்கு யாரும் ஒலிக்குறிப்பு வைக்கமாட்டார்கள். ஏதோ ஒரு மெல்லிய ரீங்காரத்தை உட்கார்ந்து கேட்டவர்கள்தான் வைத்திருக்க வேண்டும்.

என் நோட்டில் ஒரு நாள் பதிவு இது, அப்படியே தருகிறேன்:

'தலைக்கு மேல்: ஹும்ம்... ஹும்ம்... மூன்றாவது சுற்றில் மட்டும் ஒரு க்றிக். ஜன்னலுக்கு வெளியே வலப்பக்கம்: தட், தட், நிறுத்தம், தட். சமையலறைப் பக்கம்: ஸ்ஸ், மிக மெல்லியது, நிற்காமல்.'

முதலாவது மின்விசிறி. அந்த க்றிக்கை நான் பல மாதம் கேட்டிருக்க வேண்டும், எழுதிய பிறகுதான் கேட்டேன். ஒரு இறக்கையின் திருகு தளர்ந்திருந்தது. இரண்டாவது, எதிர்வீட்டு மொட்டை மாடியில் காய்ந்துகொண்டிருந்த கனமான போர்வையின் ஓரம் கைப்பிடிச் சுவரில் அடித்த சத்தம். மூன்றாவதைக் கண்டுபிடிக்க இரண்டு இரவு ஆனது. சமையலறையில் எந்தக் குழாயும் ஒழுகவில்லை. ஒவ்வொரு சுவராகக் காதை வைத்துப் பார்த்ததில், சமையலறையை ஒட்டிய கழிவறையின் ஃப்ளஷ் தொட்டியில் மிதவை வால்வு முழுதாக மூடாமல் தண்ணீர் மயிரிழையாகப் போய்க்கொண்டிருந்தது தெரிந்தது. பகலில் அது யார் காதிலும் விழ வாய்ப்பே இல்லை. 'குழாய்' என்று எழுதியிருந்தால் நான் எழுந்து போயிருக்கமாட்டேன். 'நிற்காமல்' என்று எழுதியதுதான் எழுப்பியது. ஒழுகும் குழாய் விட்டுவிட்டுச் சொட்டும், இது விடவே இல்லை.

எழுதும்போது மூன்று விஷயம் போதும்: எந்தப் பக்கம், என்ன மாதிரி, நின்று நின்று வருகிறதா நிற்காமல் வருகிறதா. பிடித்தது, பிடிக்காதது என்று மதிப்பெண் போட வேண்டாம். குறைந்தபட்சம் முதல் இரண்டு வாரத்துக்கு வேண்டாம்.

மூன்றாம் படி: கிட்டத்திலிருந்து தூரத்துக்கு

ஒரு வாரம் போன பிறகு, கேட்பதை அடுக்குகளாகப் பிரியுங்கள். முதலில் உங்கள் உடம்பிலிருந்து கை எட்டும் தூரம் வரை: மூச்சு, உடுப்பு உரசுவது, நாற்காலி முனகுவது. அப்புறம் அறை. அப்புறம் வீடு. அப்புறம் தெரு. கடைசியாக, உங்களால் கேட்க முடிகிற ஆகத் தூரத்து ஒலி எது என்று தேடுங்கள். இந்தக் கடைசித் தேடலில்தான் எனக்கு மிகப் பெரிய சந்தோஷம். அமைதியான இரவில் காது எத்தனை தூரம் போய்விட்டு வருகிறது என்பதை முதல் தடவை உணரும்போது உடம்பு சிலிர்க்கும்.

பகலில் ஒருபோதும் கேட்காத ரயில் சத்தம் இரவில் பக்கத்தில் ஓடுவது போலக் கேட்பதற்கு, சுற்றுப்புறம் அமைதியாக இருப்பது மட்டும் காரணமில்லை. மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரை சீக்கிரம் குளிர்ந்துவிடும், தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்து, மேலே இருக்கும் காற்று கொஞ்சம் சூடாக இருக்கும். குளிர்ந்த காற்றில் ஒலியின் வேகம் குறைவு. அதனால் மேலே போக வேண்டிய ஒலி அலை வளைந்து மறுபடி தரைக்கே இறங்கி வரும். பகலில் இது தலைகீழ், ஒலி மேல்நோக்கி வளைந்து போய்விடும். தொலைதூர ரயில் திடீரென்று தெளிவாகக் கேட்கும் இரவில் வானத்தைப் பாருங்கள், பெரும்பாலும் நட்சத்திரம் தெரியும்.

தூரத்தை அளக்க இடியைப் போல வசதியானது வேறில்லை. மின்னலுக்கும் இடிக்கும் நடுவில் எத்தனை நொடி என்று எண்ணி மூன்றால் வகுத்தால் கிலோமீட்டர் கிடைக்கும், ஏனென்றால் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர் போகிறது. எண்ணுவது வீட்டுக்குள் இருந்துதான். மொட்டை மாடியில் நின்று வேண்டாம்.

திசையைப் பிடிப்பதற்கு ஒரு உத்தி. ஒரு ஒலி இடப்பக்கத்திலிருந்து வந்தால் இடக் காதுக்கு முதலில் வரும், வலக் காதுக்கு ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடக் குறைந்த நேரம் கழித்து வரும். அந்த நூலிழை வித்தியாசத்தை வைத்து மூளை இடம் வலம் சொல்லிவிடும். ஆனால் நேர் முன்னாலும் நேர் பின்னாலும் இருப்பவை இரண்டு காதுக்கும் ஒரே நேரத்தில் வருவதால் குழப்பும். அப்போது தலையை மெதுவாக ஒரு பக்கம் திருப்புங்கள், குழப்பம் தீர்ந்துவிடும். உள்ளங்கையைக் குவித்துக் காதுக்குப் பின்னால் வைத்தால் முன்னாலிருந்து வருவது கூடுதலாகக் கேட்கும். பழைய முறைதான், இன்றும் பலிக்கிறது.

மிகக் கடினமானது, பேட்டரி தீர்ந்துபோன ஏதோ ஒரு சாதனம் நிமிடத்துக்கு ஒரு தடவை போடும் 'பீப்'. ஒரே சுருதியில் சட்டென்று வந்து போகும் ஒலி சுவர்களில் பட்டுத் திரும்பி எல்லாத் திசையிலிருந்தும் வருவதாகத் தோன்றும். தேடிக்கொண்டே நடக்காதீர்கள். ஒரு அறையில் அசையாமல் நின்று ஒரு பீப் வரும் வரை காத்திருங்கள், அப்புறம் அடுத்த அறை, அடுத்த பீப். எந்த அறையில் பலமாகக் கேட்டதோ அங்கே தேடினால் போதும்.

நான்காம் படி: தண்ணீரை மட்டும் ஒரு வாரம்

பொதுவாகக் கேட்டுப் பழகிய பிறகு ஒரே ஒரு பொருளின் பின்னால் போங்கள். நான் தண்ணீரைச் சொல்வேன், ஏனென்றால் எல்லோர் வீட்டிலும் இருக்கிறது, அதைப் போலக் குரல் மாற்றிப் பேசுவதும் வேறில்லை.

ஒரு உயரமான பாத்திரத்தில் குழாயைத் திறந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். ஆரம்பத்தில் தாழ்ந்த சுருதியில் மொதமொதவென்று தொடங்கும் சத்தம், நிரம்ப நிரம்ப மேலே ஏறிக்கொண்டே போகும். தண்ணீர்மட்டத்துக்கு மேலே பாத்திரத்தில் மிச்சமிருக்கும் காற்றுத்தூண் குட்டையாகக் குட்டையாக அதன் சுருதி உயர்கிறது. வாளி நிரம்பப்போவதைப் பக்கத்து அறையிலிருந்தே தெரிந்துகொண்டு குழாயை மூட ஓடுகிறோமே, அப்போது நம் காது இந்தச் சுருதியைத்தான் பின்தொடர்ந்திருக்கிறது.

அடுத்தது இரண்டு ஒரே மாதிரிக் குவளைகள். ஒன்றில் நல்ல சூடான தண்ணீரையும் இன்னொன்றில் குளிர்ந்த தண்ணீரையும் யாரையாவது ஊற்றச் சொல்லி, நீங்கள் கண்ணை மூடிக் கேளுங்கள். எது சூடு என்று பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிடுவீர்கள். குளிர்ந்தது கணீரென்று விழும், சூடானது சற்று அமுங்கி மெத்தென்று விழும். யாரும் சொல்லித்தராமல் இதை எப்போது கற்றுக்கொண்டோம் என்று எனக்கு இன்றும் வியப்புதான்.

தண்ணீர் கொதிப்பதையும் கடைசிவரை நின்று கேளுங்கள். சூடேறத் தொடங்கியதும் அடியில் சின்னச் சின்னக் குமிழ்கள் உண்டாகி, மேலே இருக்கும் குளிர்ந்த தண்ணீரைத் தொட்டதும் உடைந்து நொறுங்கும். அந்த நொறுங்கல்தான் 'உஸ்ஸ்' என்று ஏறிக்கொண்டே போகும் இரைச்சல். எல்லாத் தண்ணீரும் ஒரே சூட்டுக்கு வந்ததும் குமிழ்கள் உடையாமல் மேலே வந்துவிடும், இரைச்சல் தணிந்து களகளவென்று மாறும். தளதளவென்று கொதிப்பதற்குச் சற்று முன்னால் வரும் அந்தத் தணிவை ஒரு தடவை பிடித்துவிட்டால், அப்புறம் மூடியைத் திறந்து பார்க்க வேண்டியதே இல்லை.

இனி குழாய்ச் சொட்டு. இரவில் தூங்கவிடாமல் செய்கிற ஒலிகளில் இதற்குத்தான் முதலிடம் கொடுப்பேன். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் அனுராக் அகர்வால் பிரேசிலில் ஒரு நண்பர் வீட்டில் தங்கியிருந்தபோது கூரை ஒழுகி வாளியில் சொட்டிய சத்தம் அவரைத் தூங்கவிடவில்லை. ஊர் திரும்பியதும் அதிவேகக் கேமராவும் தண்ணீருக்குள் வைக்கும் மைக்கும் கொண்டு அந்தச் சொட்டை ஆராய்ந்தார்கள், முடிவு 2018-இல் வெளியானது. துளி தண்ணீரில் மோதும் அந்தக் கணம் ஏறக்குறைய சத்தமே இல்லாதது. துளி விழுந்த குழி மூடிக்கொள்ளும்போது அடியில் ஒரு குட்டிக் காற்றுக் குமிழ் சிக்கிக்கொண்டு நடுங்குகிறது. அந்த நடுக்கம் நீர்ப்பரப்பையே அசைத்து 'ப்ளிக்' என்ற ஒலியை வெளியே அனுப்புகிறது. இதில் நமக்குக் கைமேல் பலன் ஒன்று உண்டு. பாத்திரம் கழுவும் சோப்பு கொஞ்சம் வாளியில் விட்டால் தண்ணீரின் பரப்பு இழுவிசை மாறிவிடும், குமிழ் சிக்காது, சத்தமும் நின்றுவிடும். குழாயைச் சரி செய்ய ஆள் வரும்வரை தூங்கலாம். அதற்கு முன் சோப்பு விடாமல் ஒரு தடவை, விட்டு ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.

ஐந்தாம் படி: வெளியே நடக்க

இருபது நிமிடம் போதும். பேசாமல், ஃபோனைப் பையில் போட்டுக்கொண்டு. கனடாவின் இசையமைப்பாளர் மர்ரி ஷேஃபரும் சைமன் ஃப்ரேஸர் பல்கலைக்கழகத்தில் அவரோடு இருந்த குழுவினரும் 1970-களில் ஊர்களின் ஒலியை ஆராய்ந்தபோது இந்த மாதிரி நடையை ஒரு முறையாகவே வளர்த்தெடுத்தார்கள். அவர் ஒலிகளை மூன்றாகப் பிரித்தார், நடக்கும்போது அந்தப் பிரிவு நன்றாக உதவுகிறது. ஒன்று, எப்போதும் பின்னால் ஓடிக்கொண்டிருப்பது, நம் மொழியில் ஆதார சுருதி என்றே சொல்லிவிடலாம்: கடலோரத்தில் அலை, நகரத்தில் வண்டி இரைச்சல். இரண்டு, கவனத்தை இழுப்பதற்காகவே எழுப்பப்படுவது: மணி, ஹாரன், விசில். மூன்று, அந்த இடத்துக்கே உரியது, அது இல்லாவிட்டால் அந்த இடம் அதுவாக இருக்காது என்று தோன்றுவது.

முதல் நடையில் ஆதார சுருதியை மட்டும் தேடுங்கள், அதுதான் இருப்பதிலேயே கடினம். உங்கள் காலடிச் சத்தம் எந்த இடத்தில் மாறுகிறது என்பதையும் பாருங்கள். இரண்டு சுவர்களுக்கு நடுவே போகும்போது கூர்மையாகவும், திறந்த வெளிக்கு வந்ததும் சட்டென்று மெலிந்தும் கேட்கும். மரத்தடியில் நிற்பதென்றால் அகன்ற இலை மரம் ஒன்று, ஊசியிலையோ சிற்றிலையோ கொண்ட மரம் ஒன்று என்று இரண்டின் கீழும் நில்லுங்கள். ஒரே காற்றுதான், இரண்டு வேறு குரல்.

சுவர்க்கோழிகள் கத்தும் பருவம் என்றால் வெயில் தணிந்த உடனேயும் நடு இரவிலும் கேட்டுப் பாருங்கள். குளிர ஆரம்பித்ததும் அவற்றின் வேகம் குறையும். ஆமோஸ் டால்பியர் என்ற அமெரிக்கர் 1897-இலேயே இதற்கு ஒரு கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். கத்துவது ஆண் பூச்சி மட்டும், அதுவும் வாயால் அல்ல, இறக்கையோடு இறக்கையை உரசி.

இருட்டில் நடப்பவர்கள் சாலை ஓரத்தை விட்டு விலகாதீர்கள். மின்சார வண்டிகள் மெதுவாக வரும்போது பெட்ரோல் வண்டியைப் போலச் சத்தம் தராது, காதை மட்டும் நம்பிவிட முடியாது.

உங்களுக்குள்ளிருந்து வரும் சத்தம்

அமைதி கூடக் கூட, காதுக்குள் 'ங்ங்' என்று ஒரு மெல்லிய கீச்சு கேட்கிறதே என்று புதியவர்கள் பயந்து போவதுண்டு. 1951-இல் இசையமைப்பாளர் ஜான் கேஜ், ஹார்வர்டில் இருந்த எதிரொலியே எழாத அறைக்குள் போனார். முழு நிசப்தத்தை எதிர்பார்த்துப் போனவருக்கு இரண்டு ஒலி கேட்டது, ஒன்று உயரம், ஒன்று தாழ்வு. தாழ்ந்தது உங்கள் ரத்த ஓட்டம், உயர்ந்தது நரம்பு மண்டலம் என்று அங்கிருந்த பொறியாளர் சொன்னாராம். அந்த உயர்ந்த ஒலி காது இரைச்சலாக இருந்திருக்கலாம் என்பதுதான் இப்போதைய விளக்கம். 1953-இல் ஹெல்லர், பெர்க்மன் என்ற இருவர், காது நன்றாகக் கேட்கும் 80 பேரை ஒலிபுகா அறையில் உட்கார வைத்தார்கள். 94 சதவீதம் பேர் ஏதோ ஒரு சத்தம் கேட்டதாகச் சொன்னார்கள். ஆக, பேரமைதியில் மட்டும் கேட்டு, வெளிச்சத்தம் வந்ததும் மறைந்துவிடுகிற மெல்லிய கீச்சு பெரும்பாலும் கவலைப்பட வேண்டியதில்லை.

ஆனால் சிலவற்றில் அலட்சியம் கூடாது. ஒரு காது மட்டும் திடீரென்று, ஒரே நாளிலோ இரண்டு மூன்று நாளிலோ மந்தமாகிவிட்டால் அது அவசரம், அன்றைக்கே காது மருத்துவரைப் பாருங்கள், தாமதித்தால் சிகிச்சை பலிக்கும் வாய்ப்பு குறையும். இதயத்துடிப்போடு சேர்ந்து 'உஷ், உஷ்' என்று கேட்டாலும், ஒரு பக்கம் மட்டும் இரைச்சல் நீடித்தாலும் காட்டுங்கள். இன்னொன்று, உலகம் உண்மையிலேயே அமைதியாகவில்லை, உங்களுக்கு மட்டும்தான் அப்படி இருக்கிறது என்று சந்தேகம் வந்தால் தள்ளிப்போடாதீர்கள். வயதாகும்போது முதலில் விலகுவது உயர்ந்த சுருதி ஒலிகள்தான். பக்கத்தில் இருப்பவர் 'சுவர்க்கோழி என்னமாய்க் கத்துகிறது' என்று சொல்லி உங்களுக்கு ஒன்றும் கேட்காவிட்டால், ஒரு கேள்திறன் சோதனை செய்துகொள்வது நல்லது. குறை இருப்பவர்களும் இந்தப் பயிற்சி முழுவதையும் செய்யலாம். தாழ்ந்த ஒலிகளும் அதிர்வுகளும் அவர்களுக்கு நிறைய உண்டு, கதவின் மேல் கையை வைத்தால் வீடு ஓடுவது உள்ளங்கையில் தெரியும்.

இரவில் பயமுறுத்தும் சத்தங்கள்

தனியாக இருப்பவர்களுக்கு இது முக்கியம். நடு இரவில் 'டக்' என்று அலமாரி சொடுக்கும், கூரைத் தகடு 'டிங்' என்னும். பகல் முழுக்கச் சூட்டில் விரிந்த மரமும் உலோகமும் குளிரும்போது சுருங்குகின்றன, ஆணியிலும் இணைப்பிலும் இறுகிப் பிடித்துக்கொண்டிருந்தது சட்டென்று வழுக்கும்போது வருவது அந்தச் சத்தம். சூரியன் இறங்கிய பிறகு ஒரு மணி நேரம் உட்கார்ந்து அவை வருவதை எழுதி வையுங்கள். எத்தனை மணிக்கு, எந்த மூலை என்று எழுதிவிட்ட சத்தம் மூன்றாவது நாள் பயமுறுத்தாது. எழுதாத புதுச் சத்தம் வந்தால் எழுந்து போய்ப் பார்க்கலாம். எதற்கு எழ வேண்டும், எதற்கு வேண்டாம் என்பதும் அப்போது தெளிவாகிவிடும்.

ஃபோனில் பதிவு செய்யலாமா?

செய்யலாம், ஒரு மாதம் கழித்து. முதலிலேயே பதிவு செய்ய ஆரம்பித்தால் 'அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்' என்று காது வேலையை ஃபோனிடம் விட்டுவிடும். தவிர, ஃபோனின் மைக் பேச்சுக்காக அமைந்தது, பின்னணி ஒலியை இரைச்சல் என்று நினைத்துக் குறைத்துவிடுவதும் உண்டு. பறவைக் குரலை அடையாளம் காட்டும் மெர்லின் போன்ற செயலிகள் அருமையானவை. அதைத் திறக்கும் முன் அந்தக் குரலை நோட்டில் உங்கள் வார்த்தையில் எழுதிவிடுங்கள், அவ்வளவுதான்.

தேதி போடுங்கள்

ஒவ்வொரு பக்கத்திலும் தேதியும் நேரமும் இருக்கட்டும். ஆரம்பத்தில் நான் போடவில்லை, அந்த முதல் பக்கங்களை இப்போது எதோடும் ஒப்பிட முடியவில்லை. தேதி இருந்தால் எந்த மாதத்தில் எந்தப் பறவை வந்தது, ஃப்ரிட்ஜின் ஓட்டம் எப்போது நீண்டுபோனது என்பதெல்லாம் புரட்டினால் வந்துவிடும்.

வீட்டு ஆட்களின் காலடிகளுக்குத் தனியாக ஒரு பக்கம் ஒதுக்குங்கள். யார் வருகிறார்கள் என்று பார்க்காமலே சொல்லிவிடுவோம், ஆனால் எதை வைத்துச் சொன்னோம் என்று கேட்டால் தெரியாது. செருப்பை இழுப்பதா, குதிகாலை ஊன்றுவதா, படியில் எந்த இடத்தில் வேகம் குறைகிறது, கொலுசோ சாவிக்கொத்தோ எந்தப் பக்கம் குலுங்குகிறது, இவ்வளவையும் எழுதலாம். என் நோட்டில் மூன்று வருடத்துக்கு முந்திய ஒரு பக்கத்தில் இப்படி இருக்கிறது: 'அம்மா, மாடிப்படி. சரக், சரக், ஏழு படி. நிறுத்தம். கைப்பிடியில் வளையல் ஒரு கிணுக். ஒரு மூச்சு. அப்புறம் ஐந்து படி, முன்னைவிட மெதுவாக.' அம்மா இப்போது மாடி ஏறுவதில்லை, கீழ் அறையிலேயே படுத்துக்கொள்கிறார். அந்த ஐந்து வரியைப் படித்தால் ஏழாவது படியில் அந்த வளையல் இன்னும் கேட்கிறது. வீட்டு ஆட்களின் பக்கத்தை முதல் வாரத்திலேயே எழுதிவிடுங்கள், ஃபேனும் ஃப்ரிட்ஜும் காத்திருக்கும்.